கர்ப்பப்பையை எடுக்கும்போது கருக்குழாயையும் எடுக்கக் கேளுங்கள்

சினைப்பைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவதும் அதிக உயிரைக் குடிப்பதும் ஹை கிரேடு சீரஸ் என்ற வேகமாகப் பரவும் வகை. இது பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதில்லை. சினைப்பையிலிருந்து கர்ப்பப்பைக்கு முட்டையைக் கொண்டுபோகும் கருக்குழாயின் குஞ்சம் போன்ற நுனியில் தொடங்கிச் சினைப்பைக்குத் தாவுகிறது. பரம்பரைப் புற்றுநோய் உள்ள குடும்பத்துப் பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக எடுத்த குழாய்களில், 2001-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் இந்த ஆரம்ப மாற்றத்தைக் கண்டார்கள். பி53 மரபணு கெட்ட செல்கள் வரிசை குலைந்து பெருகும் இந்த நிலைக்கு ஸ்டிக் என்று பெயர். அளவு சில மில்லிமீட்டர்தான். ஸ்கேனிலும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையிலும் சிக்காது.

பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் கேட்டால், "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்லயே குழாயை எடுத்துட்டாங்களே" என்பார்கள். எடுக்கவில்லை. நடுவில் ஒன்றிரண்டு செ.மீ. வெட்டிக் கட்டுவதோடு சரி. குஞ்சம் உள்ளேயேதான் இருக்கிறது. அதனால் கர்ப்பப்பையில் வந்த கட்டிக்கோ ரத்தப்போக்குக்கோ அதை எடுக்க நாள் குறித்தால், "ரெண்டு குழாயையும் நுனியோட எடுத்துடுவீங்களா டாக்டர்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மாதவிடாய் நிற்காத வயதில், கோளாறில்லாத சினைப்பையை விட்டுவைக்கலாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எடுத்த உறுப்பைப் பாட்டிலில் போட்டு, "சதை டெஸ்ட்டுக்குக் கொடுங்க" என்று உறவினர் கையில் கொடுத்தால், அது லேபுக்குப் போக சேலம் பஸ் ஏறும். பாட்டிலில் சலைன் இருந்தால் போச்சு. செல் அழுகி, உள்தோல் உரிந்துவிடும். வேண்டியது இவ்வளவுதான்: சதை அழுகாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவம், உறுப்பைப்போல் பத்து மடங்கு, வாய் அகன்ற டப்பா, வலது இடது எழுதிய லேபிள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

லேபில் குழாயின் நடுவில் ஒரு வளையம் மட்டும் வெட்டிப் பார்த்து 'நார்மல்' எழுதினால் ஸ்டிக் விஷயத்தில் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. நுனிப்பக்கம் 2 செ.மீ. தனியே வெட்டி, அதை நீளவாக்கில் சீவி, மீதியை 2-3 மி.மீ. துண்டுகளாக்கி, முழுவதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால், கெட்ட செல்லையும் அது பெருகும் வேகத்தையும் காட்டும் பி53, கேஐ 67 சாயப் பரிசோதனை செய்ய வேண்டும். ஸ்டிக் உறுதியானால் மரபணுப் பரிசோதனையும் புற்றுநோய் அறுவை நிபுணரின் ஆலோசனையும் அவசியம்.

குடும்ப வரலாறு கேட்டால் அம்மா வழியை மட்டும் சொல்கிறார்கள். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததையும் சொல்லுங்கள். மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். அது உறுதியான பெண்களுக்குக் குழாயை மட்டும் எடுத்தால் போதாது. பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறோம்: பிஆர்சிஏ 1 என்றால் 35-40 வயதில், 2 என்றால் 40-45 வயதில்.