விட்டவரை மீண்டும் இழுக்கும் புகை

மாரி மழை தொடங்கினால் எங்கள் கிளினிக்கில் இளைப்புக்காரரின் வரிசை நீளும். போன மாரியில் அந்த வரிசையில் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்து மேசன் ஒருவரும் இருந்தார். தன் நெஞ்சைக் காட்ட அவர் வரவில்லை. நாலு வயது மகளுக்கு முட்டு வந்து, திமிறுகிற பிள்ளையின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கை விடியும்வரை பிடித்துக்கொண்டிருந்த இரவோடு சிகரெட்டை விட்டவர். பதினாறு நாள் தாக்குப்பிடித்தார். பதினேழாம் நாள் மறுபடி பத்தியதைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"டொக்டர், எனக்கு ஆசையே வரல்ல. வேலைக்குப் போற வானுக்குள்ள டிரைவர் பத்துறாரு. மழைக்குக் கண்ணாடியெல்லாம் பூட்டித்தான் கிடக்கு. ஆரையம்பதி தாண்டக்குள்ளேயே வாய் ஊறிட்டு. கல்லடியில இறங்கின உடன கால் தன்ட பாட்டுல கடைக்குப் போயிட்டு."

அதை நான் அன்று சாட்டு என்றுதான் எடுத்தேன். "மனச உறுதியா வைங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் பிழை அது. அவர் சொன்னது அவருடைய மூளையில் நடந்ததை.

நரம்புக் கலங்களின் மேல் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்துக்கென்றே அமைந்த ஏற்பிகள் உண்டு. அவற்றைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால் நிக்கொட்டின் கள்ளத் திறப்பு. புகையை இழுத்து 10 முதல் 20 செக்கனுக்குள் அது மூளைக்குப் போய், 'அல்பா-4 பீற்றா-2' என்ற வகை ஏற்பிகளில் பொருந்திக்கொள்கிறது. இன்ப உணர்வைத் தூண்டும் டோபமின் என்ற இரசாயனம் சுரக்கிறது, மனம் இலேசாகிறது. நாள்தோறும் புகைப்பவரின் மூளையில் இந்தப் பூட்டுகளின் எண்ணிக்கையே கூடிவிடும். விட்ட பிறகு அது பழைய நிலைக்கு வரப் பல வாரங்கள் செல்லும். பதினேழாம் நாளில் அந்த மனிதருக்குள் எத்தனை பூட்டுகள் திறப்புக்காகக் காத்துக் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இதை, மூளைக்குள் நடப்பதைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன் மூலம் அளந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு இழுவையே இந்த ஏற்பிகளில் பாதியை நிரப்பிவிடுகிறது என்று 2006 இல் வெளியிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது 2011 இல் வந்த அடுத்த ஆய்வு. 24 பேர். அவர்களில் 13 பேர் புகைக்காதவர்கள். ஒரு காருக்குள் ஒரு மணி நேரம் இருந்து மற்றவரின் புகையை மட்டும் சுவாசித்தார்கள். சராசரியாக 19 சதவீத ஏற்பிகளில் நிக்கொட்டின் போய் உட்கார்ந்திருந்தது. புகைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஆசையும் கிளம்பியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் காருக்குள் ஒரு மணி நேரம் என்பது எங்கள் மேசனின் வான் பயணம் அல்லவா?

மூடிய பொது இடங்களில் புகைப்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் தடைசெய்கிறது. கடைக்காரர், முகாமையாளர் போன்று இடத்துக்குப் பொறுப்பானவர்களுக்கும் அதில் கடமை உண்டு. மற்றவர்களின் நுரையீரலைக் காக்கிற சட்டமாகத்தான் இதை எல்லோரும் பார்க்கிறோம். விட முயல்கிற மனிதனுக்கும் அதுதான் வேலி என்பதை நாங்கள் போதிய அளவு சொல்லவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பத்தும்போது முதலாளி பேசாமல் இருந்தால், பக்கத்து மேசையில் பிளேன்டீ குடிக்கிறவரின் பதினாறு நாள் பாடு அங்கேயே கரைந்து போகலாம். பெரிய உணவகங்களில் புகைப்பவர்களுக்குத் தனி இடம் ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றோட்டம் வைத்தும் பகுதி பிரித்தும் புகையின் பாதிப்பை முற்றாக நீக்க முடியாது என்று அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியான சேர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2006 இலேயே சொல்லிவிட்டது. அயர்லாந்து 2004 இலேயே மூடிய வேலைத்தலங்களில் தடை கொண்டுவந்த நாடு. மதுபானக் கடைகளுக்குக்கூட அங்கே விலக்கு இல்லை.

வீட்டுக்குள் சட்டம் வராது. அங்கே மனைவிமார்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பலர் பயத்தில் கேட்பதில்லை. "முத்தத்தில நிண்டுதான் பத்துவாரு டொக்டர்" என்று ஓர் அம்மா சொன்னார். அவருடைய கைக்குழந்தையின் சட்டையில் சிகரெட் மணம் அடித்தது. அப்பா உள்ளே வந்ததும் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்.

இப்போது கிளினிக்கில் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்கிறேன்: "ஆரோட போய் வாறீங்க? எங்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறீங்க?" சிலருக்குப் பதில் சொல்லும்போதே விளங்கிவிடுகிறது. முதல் மூன்று மாதம் அந்த வானையும் அந்தக் கடையையும் தவிர்க்கச் சொல்கிறேன். விரும்பினால் மருந்தும் உண்டு. வரெனிக்லின் என்பது அதே ஏற்பிகளில் அரைகுறையாகப் பொருந்தி ஆசையைத் தணிக்கும் மாத்திரை.

மேசன் மூன்றாம் தடவையாக விட்டிருக்கிறார். பஸ்ஸில் போனால் வேலைக்குப் பிந்துகிறதாம், வானை விட முடியாது என்கிறார். அடுத்த கிளினிக்குக்கு அந்த டிரைவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.