தண்ணித் தொட்டியில் தே தாரேக்

ஆறிய எஞ்சினின் கூலண்ட் (எஞ்சினை ஆற்றும் திரவம்) தொட்டி மூடியைத் திருகி எடுத்தால், அதன் அடிப்புறத்தில் தே தாரேக் நுரைபோலப் பழுப்பாக ஏதோ அப்பியிருக்கும். விரலில் தேய்த்தால் வழுக்கும்; வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. இதைப் பார்த்ததும் மலேசியாவில் செந்தூலோ பட்டர்வொர்த்தோ, எந்தப் பட்டறையிலும் சட்டென்று வாயில் வருவது, "ஹெட் கேஸ்கெட் போச்சு, டாப் ஓவர்ஹால்தான்." எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு கிழிந்தது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று அர்த்தம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஹெட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எண்ணெய் தண்ணீருக்குள் போயிருக்கிறதா, தண்ணீர் எண்ணெய்க்குள் போயிருக்கிறதா?

இதைத் தீர்மானிப்பது அழுத்தம். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். சூடான கூலண்ட் ஏறக்குறைய அத்தனை பார் அழுத்தம் வரை தாங்கி நிற்கும், அதற்கு மேல் போனால் மூடி திறந்து வெளியேற்றும் என்று அர்த்தம். எஞ்சின் ஆயில் சூடாக இருக்கும்போது ஐட்லிங்கில் 1 பார் அளவிலும், 3000 சுற்றில் 3, 4 பார் அளவிலும் ஓடுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவோ பல பத்து பார்.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது ஆயிலின் கைதான் ஓங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் ஆயில் கூலண்டுக்குள் புகும். சாவியைத் திருப்பி அணைத்ததும் ஆயில் அழுத்தம் சில நொடிகளில் பூஜ்யம். கூலண்டோ சூடு ஆறும்வரை அழுத்தத்தோடு நிற்கும். இப்போது அது ஆயில் பக்கம் கசியத் தொடங்கும். ஓடும்போது ஆயிலின் கை ஓங்கியிருப்பதால்தான், கசிவு சிறியதாக இருக்கும்போது தொட்டி பழுப்பாகவும், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் சுத்தமாகவும் இருக்கிறது. ஓட்டை பெரிதானால் டிப்ஸ்டிக்கிலும் மைலோ நிறம் ஏறும்.

ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் விட்டுப்போவது சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில். அப்போது தொட்டியில் வருவது எண்ணெய் அல்ல, வாயுக் குமிழி. கூடவே சூடேறும், தண்ணீர் குறையும். கேஸ்கெட்டின் ஊடாக அழுத்தத்தோடு மேலே ஏறும் ஆயில் துளை பல எஞ்சின்களில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு துளையின் ஓரம் கிழிந்தால்தான் கேஸ்கெட் வழியாகக் கூலண்டுக்குள் ஆயில் தள்ளப்படும். ஆயில் கீழே வடியும் மற்றத் துளைகளில் அழுத்தம் கிடையாது. அங்கே கிழிந்தால் தண்ணீர்தான் ஆயிலுக்குள் போகும். ஆகவே தொட்டியில் பழுப்பு, எஞ்சின் சூடேறவில்லை, குமிழி இல்லை என்றால் முதல் சந்தேகம், எஞ்சின் ஆயிலைக் கூலண்டால் ஆற்றும் ஆயில் கூலர் மேல் விழ வேண்டும்.

எல்லா எஞ்சினிலும் அது கிடையாது. ஆயில் ஃபில்டர் அமரும் இடத்துக்கு இரண்டு சிறு தண்ணீர்க் குழாய்கள் போனால் உண்டு. உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும், ஒரு தட்டில் ஆயில், அடுத்ததில் கூலண்ட். தகடு அரித்து ஓட்டை விழலாம். அதைவிட எளிமையாக, பல வருடச் சூட்டில் ரப்பர் ஓ-ரிங் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கலாம்.

ஆட்டோ கியர் காடியில் இன்னொரு வழியும் உண்டு. கியர் ஆயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே ஓடுவது பல கார்களில் வழக்கம். அது உடைந்தால் பழுப்பு வராது, சிராப் பண்டுங் மாதிரி இளஞ்சிவப்பு நிறம் வரும். அப்படித் தெரிந்தால் ஓட்டவே கூடாது, காரை இழுத்துப் போகும் தோ டிரக் கூப்பிட வேண்டியதுதான். கியர்பாக்ஸுக்குள் போகும் தண்ணீர் கிளட்ச் தகடுகளின் பசையை இளக்கி உரித்துவிடும்.

தொட்டியில் இருப்பது எண்ணெயே இல்லாமலும் இருக்கலாம். பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காரில் துரு. பச்சைக் கூலண்டோடு சிவப்பைக் கலந்தால் சில வகைகள் கூழாகும். முன்பு யாரோ போட்ட கசிவடைப்புத் தூளும் பழுப்பாகவே மிதக்கும். ஒரு டிஷ்யூவில் தொட்டுக் காய வைத்தால் குட்டு உடைந்துவிடும்: துரு பொடியாக நிற்கும், எண்ணெய் வடைப் பொட்டலம்போல் ஊடுருவித் தெரியும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் வெளுத்திருந்தாலும் பதற வேண்டாம். வீட்டுக்கும் பசாருக்குமாய்க் குட்டிப் பயணமே ஓடும் காரில் ஈரம் அங்கே படியும். சந்தேகமென்றால் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை அடுப்பில் நன்றாகச் சூடேற்றிய பழைய கரண்டியில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகுபோல் பொரியும்.

பட்டறையில் செய்யச் சொல்ல வேண்டியவை சில. தொட்டி வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து, கூலண்ட் மேலிருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்ப்பது. சிலிண்டரில் எரிந்த வாயுவின் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலண்ட் மட்டத்தைச் சற்று இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும், இல்லையேல் கூலண்டே உள்ளே ஏறித் திரவம் வீணாகும். அடுத்து பிரஷர் டெஸ்ட்: ஆறிய எஞ்சினில், மூடியில் பொறித்த எண் வரை மட்டும் பம்ப் அடித்து 15, 20 நிமிடம் முள்ளைக் கவனிப்பது. முள் மிக மெதுவாக இறங்கினால் ஆயிலை வடித்து, சம்ப் நட்டைத் திறந்தே வைத்து, அவ்வப்போது பம்ப் அடித்து ஓர் இரவு விட்டால் கூலண்ட் சொட்டு தானே காட்டிக்கொடுக்கும். கூலரைக் கழற்றினால் ஆயில் பக்கம் 3 பார் காற்று கொடுத்துச் சுடுதண்ணீரில் முக்குங்கள். சில வெடிப்புகள் சூட்டில்தான் வாய் திறக்கும், பச்சைத் தண்ணீரில் நல்ல பிள்ளையாக இருக்கும்.

நீலம் மஞ்சளானாலோ, மற்றவை எல்லாம் சுத்தம் என்றாலோதான் ஹெட். கழற்றிய ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்ப்பது வழக்கம். நுழைந்தால் தயாரிப்பாளர் சொல்லும் அளவோடு ஒப்பிட்டு ஸ்கிம் செய்வதை, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

பழுதை அடைத்த பிறகு வரும் கழுவும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம். நுரைத்துத் தள்ளும், நுரை சூட்டைக் கடத்தாது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ரப்பரைக் கெடுக்கும். பாத்திரம் கழுவும் மெஷினுக்கான நுரைக்காத தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓட்டி வடிக்க வேண்டும். நாலைந்து முறை ஆகும். பிறகு வெறும் தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீர், அதன்பின் பாதிக்குப் பாதி கூலண்ட். ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் எண்ணெய் ஆகாத ரப்பர். ஊறியவை உப்பிக் கொழகொழத்திருக்கும், மாற்றிவிட வேண்டும். தண்ணீர் ஆயிலுக்குள்ளும் போயிருந்தால் மலிவான ஆயிலும் ஃபில்டரும் போட்டுப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டி வடித்து, மறுபடி மாற்றுவது நல்லது. கூலண்டில் இருக்கும் கிளைக்கால் கலந்த ஆயில் பேரிங்கை அரிக்கும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டத்தில் பழைய எஞ்சின் ஆயில் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு.

எவ்வளவு கழுவினாலும் பிளாக்கின் மூலைமுடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்; அடுத்த சில நாள் தொட்டியில் பழுப்பு வளையம் தெரியும். துடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மெலிந்தால் பழைய மிச்சம். துடைத்த அளவுக்கே திரும்பத் திரும்பப் படிந்தால் கசிவு இன்னும் உள்ளே இருக்கிறது.