எல்லா ஓமுக்கும் ஓம் சொல்லாதீர்கள்

போன மார்கழியில், ஆலயங்களில் நத்தார்ப் பாட்டுப் பயிற்சிகள் சூடுபிடித்திருந்த நாள்களில், வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து என் பட்டறை மேசையில் இரண்டு பொருள்களை வைத்தான். ஒன்று அவனுடைய மின்கிட்டார். மற்றது கூரியரில் வந்து இன்னும் பிரிக்கப்படாத பெட்டி. உள்ளே மூன்று புதுப் பிக்கப்புகள். “அண்ணன், தடித்த கம்பிகளில் சத்தமே இல்லை. மெல்லிய கம்பி இரண்டும் காதைக் கிழிக்கின்றன. பிக்கப் பழுதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றித் தர முடியுமா?” என்றான்.

பெட்டியைத் தொடாமல் கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தடித்த கம்பிகள் நான்கும் பொன்னிறமாக மின்னின. அவை வெண்கலம் சுற்றிய கம்பிகள், மரக்கிட்டாருக்கு உரியவை. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும்தான். காந்தப்புலத்துக்குள் உருக்கோ நிக்கலோ ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. அந்த நான்கு கம்பிகளிலும் நடுவே ஓடும் மெல்லிய உருக்கு மட்டும் தன்னால் இயன்றதைச் செய்துகொண்டிருந்தது. சுற்றில்லாத மற்ற இரண்டும் முழு உருக்கு என்பதால் அலறின. நிக்கல் சுற்றிய கம்பிகளைப் பூட்டினேன். ஆறும் ஒரே அளவில் பேசின. பெட்டியைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போனான்.

பிக்கப் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு பிக்கப்பில் இல்லை. அதனால்தான் எதை வாங்குவது என்பதற்கு முன் எதை வாங்கக்கூடாது என்பதைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

கல்லடிப் பாலத்தடியில், நிலவு நாளில், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்று நம் மூத்தவர்கள் சொல்வார்கள். பிக்கப்பும் அப்படி மரத்தின் அதிர்வைக் ‘கேட்கிறது’ என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. பிக்கப்புக்குக் காது கிடையாது. நல்ல பிக்கப்பின் மேல் வாயை வைத்துக் கத்திப் பாருங்கள், ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. குரல் வந்தால் சுருள் தளர்ந்திருக்கிறது, மெழுகு சரியாக ஊறவில்லை என்று பொருள். அது மேடையில் சத்தத்தைக் கூட்டியதும் கீச்சிடும். உருகிய மெழுகில் ஊறவைத்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் புதுப் பிக்கப் வேண்டியதில்லை.

இனி ஓம் கணக்கு. நம் ஊரில் ‘ஓம்’ என்றால் சம்மதம். பெட்டியில் எழுதியிருக்கும் ஓம் மின்தடையின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘15 கிலோ ஓம்’ என்று கண்டவுடனேயே ஓம் போட்டுவிடுகிறார்கள். எண் பெரிதானால் சத்தம் பெரிதாகும் என்ற எண்ணம்.

சுருளில் சுற்றியிருக்கும் செம்பு தலைமுடியைப் போன்றது. வழக்கமாகப் பயன்படும் 42ஆம் இலக்கக் கம்பியின் தடிப்பு ஏறத்தாழ 0.063 மில்லிமீற்றர். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றில் அதை 7,000 சுற்றுக்கு மேல் சுற்றியிருப்பார்கள். தடை 6 கிலோ ஓமுக்கு அருகில் வரும். அதே எண்ணிக்கைச் சுற்றை இன்னும் மெல்லிய 43ஆம் இலக்கக் கம்பியில் சுற்றினால் தடை ஏழரைக்கு அருகில் போய்விடும். சுற்று கூடவில்லை, காந்தம் மாறவில்லை, எண் மட்டும் வளர்ந்துவிட்டது. விற்பவருக்கு அது போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. செம்பு சூடேறினால் அதன் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.4 சதவீதம் அளவில் ஏறும். குளிரூட்டிய அறையில் 20 பாகையில் 6.0 காட்டிய சுருள், சித்திரை மாத நண்பகலில் என் தகரக் கூரைக்குக் கீழே 32 பாகையில் 6.3க்குக் கிட்டக் காட்டும். “அண்ணன், சொன்னதைவிட ஓம் கூட இருக்கிறது, நல்ல சாமான்” என்று ஒருவர் மகிழ்ந்துபோனார். அவரை நான் திருத்தவில்லை. வெயில் தந்த பரிசை ஏன் பறிக்க வேண்டும்?

குரலைத் தீர்மானிப்பதில் தடையைவிடப் பெரிய பங்கு சுருளின் தூண்டுதிறனுக்கு, அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவுக்கு. அதை ஹென்றி என்ற அலகில் சொல்வார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் சிலர் விவரத்தாளில் போடுவார்கள். ஸ்ட்ராட் வகை 2 முதல் 2.5 ஹென்றி, இரட்டைச் சுருள் கொண்ட பழைய பாணி ஹம்பக்கர் 4 முதல் 5, ரொக்குக்காக அழுத்திச் சுற்றியவை 8 வரை போகும். இந்தத் தூண்டுதிறனும் உங்கள் வயரின் கொள்ளளவமும் (வயர் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) சேர்ந்து எந்த உச்ச இடத்தில் ஒலி துருத்திக்கொண்டு நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. சாதாரண 5 மீற்றர் வயரோடு முதல் வகை 4 கிலோஹேர்ட்ஸ் பக்கம் மின்னும். 8 ஹென்றிச் சுருள் இரண்டு சொச்சத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். அதற்கு மேலுள்ள கணீர் எல்லாம் தேய்ந்துவிடும். கீபோர்ட்டும் இரண்டு பாடகர்களும் நடுச்சுருதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கலியாண மேடையில் அழுத்திச் சுற்றிய ‘சூடான’ பிக்கப் போட்டவர் ஏன் கேட்கவே இல்லை என்பதற்கு விடை இதுதான். அவர் சத்தத்தைக் கூட்டினார். ஆனால் எல்லோரும் நெரிபடும் இடத்திலேயே கூட்டினார்.

இதிலிருந்து காசில்லாத ஒரு வைத்தியம் வருகிறது. உங்களுடைய 10 மீற்றர் வயரைக் கழற்றிவிட்டு 3 மீற்றர் வயரைச் செருகி வாசித்துப் பாருங்கள். வயர் குறைந்தால் கொள்ளளவம் குறையும், கணீர் திரும்பும். சிலர் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது காசில்லாத வைத்தியம் உயரம். பக்கத்திலுள்ள திருகாணியைத் திருப்பினால் பிக்கப் ஏறும், இறங்கும். கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் (ஃபிரெட்) கடைசியில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிக்கும் காந்தத்தின் தலைக்கும் இடையே அளக்க வேண்டும். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீற்றரும் மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றரும் வைத்துத் தொடங்குங்கள். சத்தம் வேண்டுமென்று முட்ட முட்ட ஏற்றினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். உயர்ந்த கட்டைகளில் தடித்த கம்பி இரண்டு சுருதியில் ஒரே நேரம் அழுவது போலக் கேட்கும். “கழுத்து வளைந்துவிட்டது” என்று காரைதீவிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். யாழை ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் ஊர்க்காரருக்குச் சுருதிக் காது இருக்கத்தானே செய்யும். பிசகைச் சரியாகவே பிடித்திருந்தார், காரணத்தைத்தான் பிடிக்கவில்லை. திருகாணியை மூன்று சுற்று இறக்கினேன். கழுத்து நேராகிவிட்டது.

இரைச்சலுக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு அன்ரெனாவும்கூட; சுற்றியுள்ள மின்காந்த உறுமலையும் அள்ளிக்கொண்டு வரும். இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழிக்கும், கம்பியின் ஒலி கூடும். காப்புரிமைக்கு 1955இல் விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. ஹம்பக்கர் என்ற பெயரே உறுமலை மடக்குவது என்பதிலிருந்து வந்தது. இரைச்சல் தாங்கவில்லை, ஹம்பக்கர் போடலாமா என்று கேட்டால் போடலாம். முதலில் ஒன்று செய்யுங்கள்.

கிட்டாரை அம்ப்பில் செருகி, கம்பியைத் தொடாமல் கேளுங்கள். பிறகு உள்ளங்கையால் கம்பிகளைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. குறையாமல், வயர் செருகும் உலோக வளையத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு (பிரிட்ஜ்) போகும் எர்த் வயர் விட்டிருக்கிறது. ஐந்து நிமிட ஈய வேலை. எதைத் தொட்டாலும் ஒரே உறுமல் என்றால் சுவரைப் பாருங்கள்.

சுவரைப் பற்றித்தான் உண்மையில் எனக்குக் கோபம். ஒரு மண்டபத்தில் பாடகர் மைக்கில் உதடு பட்டதும் துள்ளி விலகினார். கையில் கிட்டார் இருந்தது. போய்ப் பார்த்தால் அம்ப்பின் மூன்று முனைச் செருகியை இரண்டு முனை அடப்டரில் சொருகியிருந்தார்கள். கிட்டார்க் கம்பிகள் எல்லாம் பாலத்து எர்த் வயர் வழியாக அம்ப்பின் உடலோடு இணைந்தவை. அம்ப்புக்குப் புவித்தொடுப்பு இல்லை, மைக் வேறு மிக்சரில் வேறு இணைப்பில் நிற்கிறது; நடுவில் பாலமாக நிற்பது வாசிப்பவரின் உடல். ஜெனரேற்றரில் ஓடும் திருவிழா மேடைகளில் இது இன்னும் மோசம். இரைச்சல் போக வேண்டுமென்று எர்த் முனையை உடைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அம்ப்பும் மிக்சரும் ஒரே எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து போகட்டும். இரைச்சலோடு வாசிக்கலாம், உயிரில்லாமல் வாசிக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒரே தடவையில் மூன்றையும் வாங்காதீர்கள். பாலத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் மாற்றி ஒரு மாதம் வாசியுங்கள். மலிவுக் கிட்டார்களில் முதலில் ஏமாற்றுவது அதுதான். ஆலயத்தில் பாடல்களுக்கு வாசிப்பவருக்கும், பைலாவுக்கு வலக்கையால் வெட்டி வெட்டி அடிப்பவருக்கும் என் தெரிவு குறைந்த சுற்றுள்ள அல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தப் பிக்கப். அல்னிக்கோ 5 சற்றுக் கூர்மை, 2 சற்று மென்மை. ரொக் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் 8 கிலோ ஓம் சுற்று வட்டாரத்திலுள்ள ஹம்பக்கரே போதும். மீதியை அம்ப் செய்யட்டும். செரமிக் காந்தம் என்றால் மலிவு, மட்டம் என்று எண்ண வேண்டாம்; பிக்கப் தயாரிக்கும் டிமார்சியோ நிறுவனத்தின் புகழ்பெற்ற சூப்பர் டிஸ்டோர்ஷன் செரமிக்தான். ஒன்பது வோல்ற்று பற்றரி மாற்ற மறக்கிறவர்களுக்குப் பற்றரியில் ஓடும் அக்டிவ் பிக்கப் வேண்டாம்.

வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடைவெளி பாலத்தருகே 50 மில்லிமீற்றர் பக்கமா, 53 பக்கமா என்று பாருங்கள். ஹம்பக்கர்கள் இரண்டு அகலத்திலும் வருகின்றன. வொலியூம் பொட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் அடியிலுள்ள மின்தடை) ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. மாற்றிப் போட்டால் ஒன்று காதைக் குத்தும், மற்றது போர்வை போர்த்திக்கொண்டு பேசும். வயர் நிறத்தை நம்பி ஈயம் வைக்காதீர்கள். செய்மோர் டங்கனில் கறுப்புத்தான் ஒலியைக் கொண்டுபோகும் உயிர் வயர், சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும். டிமார்சியோவில் சிவப்புத்தான் உயிர், கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டு நிறுவனத்தின் பிக்கப்பையும் கலந்து பூட்டி, இரண்டையும் ஒன்றாகப் போட்டதும் மூக்கால் பேசுவது போல மெலிந்து கேட்டால், ஒன்றின் இணைப்பு தலைகீழ். வயர் இரண்டை இடம் மாற்றினால் தீர்ந்தது.

கழற்றிய பழையதை எறிந்துவிடாதீர்கள். கல்லடியில் வீடு என்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று செம்பைத் தின்னும். பறங்கியர் சமூகத்து அங்கிள் ஒருவர் அண்மையில் கொண்டுவந்த பழைய கிட்டாரில் கழுத்துப் பக்கப் பிக்கப் மெலிந்து, தூரத்து ரேடியோ போலக் கேட்டது. மல்டிமீற்றரை வைத்தேன், எண்ணே வரவில்லை. சுருள் அறுந்திருக்கிறது. அறுந்த சுருள் முற்றாக ஊமையாவதில்லை, இப்படித்தான் மெலிந்து முனகும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, செம்பு போய்ச் சேரும் குழியோரத்தில் பச்சைப் பொட்டு ஒன்று. நல்ல காலம், அறுந்தது வெளிமுனை. உள்முனையாக இருந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து, பூச்சைச் சுரண்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயம் வைத்தேன். மீற்றர் 5.8 காட்டியது.

அங்கிள் எட்டிப் பார்த்தார். “5.8 தானா? கொஞ்சம் கூடினது போட்டிருக்கலாமே” என்றார். பதில் சொல்லாமல் உயரத்தை அரை மில்லிமீற்றர் கூட்டி, 3 மீற்றர் வயரைச் செருகிக் கையில் கொடுத்தேன். பறங்கியர் ஆடும் கஃப்ரிஞ்ஞாவுக்கு அடிக்கும் தாளத்தை இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். மூன்றாவது தடவை அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.