டெர்மினலில் யூஸ்நெட்: நியூஸ்ரீடர் எப்படி இயங்குகிறது?

யூஸ்நெட் என்பது சர்வரிலிருந்து சர்வருக்குப் பதிவுகளைக் கடத்தும் பொது விவாதக் குழுக்களின் வலை. அதைப் படிக்கவும் எழுதவும் உதவும் நிரல்தான் நியூஸ்ரீடர். இணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் (போர்ட்) உண்டு. பாதுகாப்பான வலைத்தளங்களுக்கு 443. யூஸ்நெட் செய்திக்குழுக்களுக்கு 119. கட்டளைகளை எழுத்தாகவே தட்டும் டெர்மினல் திரையைத் திறந்து, ஒரு சர்வரோடு நேரடியாக எழுத்தில் பேச உதவும் டெல்நெட் கட்டளையால் ஒரு யூஸ்நெட் சர்வரின் 119-ஆம் வாசலைத் தட்டினால் உடனே ஒரு வரி வந்து விழும். அது 200 என்று தொடங்கினால் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். 201 என்றால் படிக்க மட்டும்தான் அனுமதி.

அதன் பிறகு நாம் ஒரு வரி கேட்க, சர்வர் பதில் சொல்லும். 'குரூப்' என்று தட்டிப் பக்கத்தில் ஒரு குழுவின் பெயரைக் கொடுத்தால், 211 என்ற எண்ணைத் தொடர்ந்து மூன்று எண்கள் வரும்: அந்தக் குழுவில் ஏறக்குறைய எத்தனை பதிவுகள் இருக்கின்றன, இருப்பவற்றில் மிகப் பழையதன் எண் என்ன, மிகப் புதியதன் எண் என்ன. 'ஆர்ட்டிக்கிள்' என்று தட்டி ஓர் எண்ணைக் கொடுத்தால் 220 என்ற பதிலோடு முழுப் பதிவும் திரையில் ஓடும். தனி வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் பதிவு முடிந்தது என்று பொருள். பதிவுக்குள்ளேயே யாராவது அப்படிப் புள்ளி வைத்து எழுதியிருந்தால்? புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் அனுப்புகிறவர் முன்னால் இன்னொரு புள்ளி சேர்த்துவிடுவார், பெறுகிறவர் அதை எடுத்துவிடுவார்.

என்என்டிபி என்ற இந்த நெறிமுறையை பிரையன் கான்டர், ஃபில் லாப்ஸ்லி என்ற இருவர் 1986 பிப்ரவரியில், இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 977-ஆம் ஆவணமாக வெளியிட்டார்கள். 2006-இல் ஆர்எஃப்சி 3977 வந்து அதைச் செப்பனிட்டது. அடிப்படை உரையாடல் மாறவே இல்லை. டின், எஸ்எல்ஆர்என், டிஆர்என் போன்ற டெர்மினல் நியூஸ்ரீடர்கள் எல்லாமே இந்த உரையாடலை நமக்குப் பதிலாக நடத்தும் நிரல்கள்தான்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. யூஸ்நெட் சர்வர் தரும் பதிலில் உங்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே எண்கள். நீங்கள் எதைப் படித்தீர்கள், எதைத் தள்ளினீர்கள், யார் எழுதியதைப் பார்க்க விரும்பவில்லை, எந்த வரிசையில் படிக்க ஆசைப்படுகிறீர்கள் என்ற அத்தனை முடிவுகளும் உங்கள் கணினியில் சாதாரண உரைக்கோப்புகளாக இருக்கின்றன. எதை முன்னால் காட்டுவது என்று ஒரு நிறுவனத்தின் கணக்கீடு தீர்மானிக்கும் இன்றைய நிலையில், இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

யூஸ்நெட் 1979-இல் உருவான யோசனை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யுனிக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினிகளுக்கிடையே செய்தி பரிமாற வழி தேடினார்கள். பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் இருந்த ஸ்டீவ் பெல்லோவின் என்பவர் முதல் வடிவத்தை ஷெல் ஸ்கிரிப்டாகவே, அதாவது யுனிக்ஸ் கட்டளைகளின் கோவையாகவே எழுதினார். அப்போது நிரந்தர இணைப்பு கிடையாது. ஒரு கணினி மோடம் வழியாக இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருந்ததைக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்ததை வாங்கிக்கொள்ளும். கட்டணம் குறைவான இரவு நேரங்களில்தான் பெரும்பாலும் இந்த அழைப்புகள் போகும்.

பின்னாளில் பெர்ல் என்ற நிரல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1984-இல் ஆர்என் என்ற நியூஸ்ரீடரை வெளியிட்டார். மெதுவான இணைப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்துச் செய்யப்பட்ட நிரல் அது. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரையை நிரப்ப 1,920 எழுத்துகள் வேண்டும். நொடிக்கு 240 எழுத்து கொண்டுவரும் மோடத்தில் ஒரு திரை நிறைய எட்டு நொடி ஆகும். அதனால் இணைப்பின் வேகத்தைப் பார்த்து, மெதுவாக இருந்தால் பதிவின் முதல் சில வரிகளை மட்டும் ஆர்என் காட்டும். படிக்க வேண்டியதா இல்லையா என்று அந்த வரிகளிலேயே தெரிந்துவிடும். கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஒரே விசை, என்டர் தட்டத் தேவையில்லை. குழப்பமாக இருந்தால் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் போதும்: அந்த இடத்தில் பெரும்பாலானோர் அடுத்து எதைச் செய்வார்களோ அதை ஆர்என் செய்யும். பக்கம் பாக்கி இருந்தால் அடுத்த பக்கம், பதிவு முடிந்தால் அடுத்த பதிவு, குழு முடிந்தால் அடுத்த குழு. ஒரே விசையால் அன்றைய செய்தி முழுவதையும் படித்து முடிக்கலாம். விசைகளை இவ்வளவு கருணையோடு வடிவமைத்த மென்பொருள்கள் குறைவு.

படித்ததை அது எப்படி நினைவில் வைத்திருக்கிறது? உங்கள் ஹோம் கோப்பகத்தில், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த 'நியூஸ்ஆர்சி' என்ற கோப்பு இருக்கும். அதில் குழுவுக்கு ஒரு வரி. 'காம்ப்.லாங்.சி: 1-4210,4215' என்று ஒரு வரி இருந்தால், 1 முதல் 4210 வரை படித்தாயிற்று, நடுவில் நான்கைத் தாண்டி 4215-ஐயும் படித்தாயிற்று என்று பொருள். பெயரை அடுத்து முக்காற்புள்ளி இருந்தால் அந்தக் குழுவின் சந்தாதாரர் நீங்கள். ஆச்சரியக்குறி இருந்தால் விலகிவிட்டீர்கள், ஆனால் எதுவரை படித்தீர்கள் என்ற கணக்கு அப்படியே இருக்கும். பல வருட வாசிப்பும் சில கிலோபைட்டில் அடங்கிவிடும். இரண்டு வாரம் வெளியூர் போய் வந்து, குவிந்துகிடக்கும் இரண்டாயிரம் பதிவுகளைப் படிக்க முடியாதென்றால் 'கேட்ச்அப்' என்ற கட்டளை உண்டு. அது செய்வதெல்லாம் அந்த வரியை, 1 முதல் குழுவின் மிகப் புதிய எண் வரை படித்தாயிற்று என்று மாற்றுவதுதான். கோப்பை எடிட்டரில் திறந்து அந்தக் கடைசி எண்ணை நீங்களே பழையபடி குறைத்தால், அதற்குப் பிந்தைய பதிவுகள் எல்லாம் மீண்டும் 'படிக்காதவை' ஆகிவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 4215 என்ற எண் ஒரு குறிப்பிட்ட சர்வரின் எண். அதே பதிவுக்கு இன்னொரு சர்வரில் வேறு எண் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சர்வரும் தனக்கு வந்துசேர்ந்த வரிசையில்தான் எண் போடுகிறது. சர்வரை மாற்றினால் பழைய நியூஸ்ஆர்சி செல்லாது. உலகம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் உள்ள 'மெசேஜ்-ஐடி'. ஓர் ஒற்றைச் சரம், ஒரு அட் குறி, அதன்பின் ஒரு கணினியின் பெயர் என்று அது அமையும். ஒரு முறை பயன்படுத்திய ஐடி மறுமுறை வரவே கூடாது.

விவாதம் கிளை பிரிந்து போவதைத் திரையில் காட்டுவதற்கும் இந்த ஐடிதான் ஆதாரம். நீங்கள் பதில் எழுதும்போது 'ரெஃபரன்சஸ்' என்ற தலைப்பு வரியில், மூலப் பதிவு முதல் நீங்கள் பதில் சொல்லும் பதிவு வரை முன்னோர் வரிசை முழுவதையும் நியூஸ்ரீடர் எழுதிவிடும். படிப்பவரின் நியூஸ்ரீடர், பதிவுகளின் உடலை இறக்காமல், தலைப்பு, எழுதியவர், தேதி, ஐடி, முன்னோர் வரிசை, அளவு ஆகியவற்றை மட்டும் வரிக்கு ஒரு பதிவாக 'எக்ஸ்ஓவர்' கட்டளையால் வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து தந்தை, பிள்ளை உறவைக் கண்டுபிடித்து மரம் கட்டும். நடுவில் ஒரு பதிவு இன்னும் வந்துசேராமலோ, பழசாகி சர்வரிலிருந்து நீக்கப்பட்டோ போயிருந்தாலும் மரம் உடைவதில்லை. பேரனின் ரெஃபரன்சஸ் வரியில் தாத்தாவின் ஐடியும் இருப்பதால், காணாமல்போன தந்தையின் இடத்தைக் காலியாக விட்டு இருவரையும் இணைத்துவிடலாம். வெய்ன் டேவிசன் எழுதிய டிஆர்என், இந்த மரத்தைத் திரையின் மூலையில் சின்னச் சின்ன அடைப்புக்குறிகளாலும் கோடுகளாலும் வரைந்து காட்டும். வெறும் எழுத்துகளால் வரைந்த படம்தான், ஆனால் இருபது பேர் பேசும் விவாதத்தில் நாம் எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று ஒரே பார்வையில் புரியும்.

வேண்டாததை ஒதுக்குவதற்கு ஆர்என் கொண்டுவந்த வழி கில் ஃபைல். ஒருவரின் பெயரையோ ஒரு தலைப்பையோ அதில் எழுதிவைத்தால், பொருந்தும் பதிவுகள் படித்ததாகக் குறிக்கப்பட்டுத் திரைக்கே வராது. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டியபோது இதன் அருமை பலருக்கும் புரிந்தது. அவர்கள் அதை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பிரதியாகப் போட்டார்கள். ஒரே பதிவின் தலைப்பகுதியில் பல குழுக்களின் பெயரைச் சேர்த்து அனுப்பியிருந்தால் சர்வரில் ஒரே பிரதிதான் இருக்கும். ஒரு குழுவில் அதைப் படித்தவுடன் மற்றக் குழுக்களிலும் படித்ததாக நியூஸ்ரீடர் குறித்துவிடும். தனித்தனியாகப் போட்டதால், போகும் இடமெல்லாம் அதே விளம்பரம் வந்து நின்றது.

ஜான் டேவிஸின் எஸ்எல்ஆர்என் இன்னும் நுட்பமான வழியைத் தந்தது. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண். நல்ல பதில் எழுதுகிறவர் என்றால் கூட்டல், சண்டைக்கென்றே வளர்க்கப்படும் தலைப்பு என்றால் கழித்தல், ஏழெட்டுக் குழுக்களுக்கு ஒரே நேரத்தில் போட்டது என்றால் இன்னும் கொஞ்சம் கழித்தல். கழித்தல் 9999 என்றால் பார்வையிலிருந்தே போய்விடும். விதிக்குக் காலாவதித் தேதியும் வைக்கலாம்: ஒருவர் மேல் கோபம் என்றால் ஒரு மாதம் மறைத்துவைத்தால் போதும், பிறகு விதி தானாகச் செயலிழந்துவிடும். இந்தக் கோப்பு முழுக்க நீங்கள் எழுதியது. உங்கள் திரையில் ஒரு பதிவு ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டால், எந்த வரியால் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

எழுதும் பக்கம் வருவோம். பதில் விசையைத் தட்டியதும் நியூஸ்ரீடர் தன் வேலையை நிறுத்திவிட்டு, விஐ, ஈமேக்ஸ், நானோ என்று நீங்கள் சொல்லிவைத்த எடிட்டரைத் திறக்கும். தலைப்பு வரிகள் நிரப்பப்பட்டிருக்கும். எதிர்த்தரப்பின் வரிகள் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கோண அடைப்பு நிற்கும். தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழேயே பதில் எழுதுவது யூஸ்நெட் மரபு. கடைசியில் இரண்டு சிறுகோடும் ஒரு இடைவெளியும் மட்டும் கொண்ட வரி, அதன் கீழே உங்கள் கையொப்பம். அந்த இடைவெளி கட்டாயம். அதைப் பார்த்துத்தான், மறுபக்கத்து நியூஸ்ரீடர் பதில் எழுதும்போது கையொப்பத்தை மேற்கோளிலிருந்து வெட்டிவிடும்.

ஆர்எனோடு வந்த நிரல், அனுப்பும் முன் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். இந்தப் பதிவு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, அதற்கு நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும், செய்வது என்னவென்று தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்கும். எழுதுகிறவரை ஒரு கணம் நிறுத்தி யோசிக்கச் சொன்ன அந்தக் கேள்வி இன்றும் எல்லா இடத்திலும் தேவைப்படுகிறது.

ஆம் என்றால் 'போஸ்ட்' கட்டளை போகும். அனுப்பு என்று சர்வர் 340 சொல்லும். பதிவு போய், ஒற்றைப் புள்ளி விழுந்ததும் 240 வந்தால் ஏற்கப்பட்டது, 441 வந்தால் மறுக்கப்பட்டது. இனி அது உங்கள் கையில் இல்லை. உங்கள் சர்வர் தன் அண்டை சர்வர்களிடம், இந்த ஐடி கொண்ட பதிவு என்னிடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்கும். 335 என்றால் கொடு, 435 என்றால் ஏற்கெனவே இருக்கிறது. ஊரில் ஒரு சாவுச் சேதி பரவுவது போலத்தான்: சொல்லப் போனவரிடம் 'எங்களுக்குச் சேதி வந்தாச்சு' என்று சொன்னால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், யாரும் மொத்தப் பட்டியல் வைத்து நிர்வகிப்பதில்லை. பார்த்த ஐடிகளை ஒவ்வொரு சர்வரும் ஒரு வரலாற்றுக் கோப்பில் எழுதிவைக்கும். அதோடு பதிவின் 'பாத்' வரியில் தன் பெயரையும் சேர்க்கும். அந்த வரியில் ஒரு சர்வரின் பெயர் ஏற்கெனவே இருந்தால் அதற்கு மறுபடி கொடுக்கவே தேவையில்லை. மையம் என்று ஒன்று இல்லாமலே பதிவு எல்லா இடத்துக்கும் போகிறது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றியும் வருவதில்லை.

தமிழர்களும் இங்கே இருந்தார்கள். சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழுவில் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை ஒலிபெயர்த்து எழுதினார்கள், ஏனென்றால் அன்றைய ஆஸ்கி குறியீட்டில் இருந்தவை மொத்தம் 128 இடங்கள், தமிழுக்கு அதில் ஓர் இடம்கூட இல்லை. பிறகு திஸ்கி போன்ற குறியீடுகள் வந்தன. அவற்றுக்குப் படிப்பவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இப்போது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறியீடு இருக்கிறது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. பழைய சர்வர்களைப் பாதுகாப்பாகக் கடக்க 'கோட்டட் பிரிண்டபிள்' முறையில் மாற்றினால் பைட்டுக்கு மூன்று எழுத்து, ஆக 45. 'பேஸ்64' முறையில் 20-இல் முடிந்துவிடும், அதனால் தமிழுக்கு அதுவே சிக்கனம். திரையிலும் ஒரு தொல்லை உண்டு. டெர்மினல் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குகிறது. நம் ணை, கௌ போன்றவை கட்டத்துக்குள் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். குறை நியூஸ்ரீடரில் இல்லை. நல்ல தமிழ் எழுத்துருவும், கூட்டெழுத்தைச் சரியாகக் கையாளும் டெர்மினலும் தேர்ந்தெடுத்தால் இது பெருமளவு சரியாகும்.

கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டது. உரைப் பதிவுகளுக்கான இலவச சர்வர்கள் தொடர்ந்து ஓடுகின்றன. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை வைத்திருப்பவர்கள் டின் அல்லது எஸ்எல்ஆர்எனை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். 119-க்குப் பதில் மறையாக்கம் கொண்ட 563-ஆம் வாசலைப் பயன்படுத்துங்கள், கடவுச்சொல் வெளியே தெரியாமல் போகும். முதல் பதிவை விவாதக் குழுக்களில் போடாமல், சோதனைக்கென்றே இருக்கும் மிஸ்க்.டெஸ்ட் குழுவில் போடுங்கள். சிறிது நேரம் கழித்து வேறொரு சர்வரில் அதே பதிவைத் திறந்து 'பாத்' வரியை வலமிருந்து இடமாகப் படித்தால், அது எந்தெந்தக் கணினிகளைக் கடந்து அங்கே வந்தது என்று பெயர் பெயராகத் தெரியும்.