வாடிக்கை: உறவுசார் ஒப்பந்தத்துக்கு நம் கடைத்தெருச் சொல்

நெடுநாள் வணிக உறவோடு சேர்த்துப் பார்க்கும் ஒப்பந்தம், அதாவது 'ரிலேஷனல் கான்ட்ராக்ட்' என்பதை 'உறவுசார் ஒப்பந்தம்' என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் காரைக்குடியில் உறவு என்றதும் பங்காளியும் சம்பந்தியும்தான் நினைவுக்கு வருவார்கள், சரக்கு வாங்குகிறவர் வரமாட்டார்.

கான்ட்ராக்டின் லத்தீன் மூலத்துக்குச் 'சேர்த்து இழுத்தல்' என்று பொருள். ஒப்பந்தத்தின் வேரோ 'ஒப்பு', அதாவது மனம் இசைதல். நம் சொல்தான் எனக்கு நெருக்கம்.

1963இல் சட்ட அறிஞர் ஸ்டூவர்ட் மெக்காலே அமெரிக்காவின் விஸ்கான்சின் வணிகர்களிடம் விசாரித்து எழுதினார்: தகராறு வந்தால் அவர்கள் பெரும்பாலும் பத்திரத்தைத் தேடுவதில்லை, பேசித் தீர்க்கிறார்கள். இன்னொரு சட்ட அறிஞர் இயன் மேக்னீல் இந்த வழியில் ஒரு கோட்பாட்டையே வளர்த்தார். நெடுநாள் வணிகத்தை, இருவரும் நடந்துகொண்ட விதத்தோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

ஆத்தங்குடி டைல்ஸையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மேல் கலர் சிமென்டைக் கையால் ஊற்றிச் செய்வது. ஒரு நடைக்கும் அடுத்ததற்கும் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிரான்ஸ் வியாபாரி ஒருவர் ஐந்து வருஷமாக அதை அப்படியே வாங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். ஆறாம் வருஷம், 'மாதிரிபோல் இல்லை' என்று பணத்தை நிறுத்துகிறார். பத்திரத்தில் 'மாதிரிப்படி' என்றுதான் இருக்கிறது. அப்புறம்?

சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆனால் பிரான்ஸ் உறுப்பு நாடு. பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும் என்று கையெழுத்திட்டிருந்தால், விலக்கி எழுதாதவரை இந்த உடன்படிக்கையும் கூடவே வரும். அதன் 8ஆம் பிரிவு, பேச்சுவார்த்தையையும் பின்னர் நடந்துகொண்டதையும் பார்க்கச் சொல்கிறது. 9ஆம் பிரிவோ, இருவரும் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட நடைமுறை அவர்களைக் கட்டும் என்கிறது. அந்த ஐந்து வருஷம் ஆத்தங்குடிக்காரருக்குச் சாட்சி சொல்லும்.

அந்த நடைமுறைக்குத்தான் 'வாடிக்கை' என்ற சொல்லை வைக்கவேண்டும் என்கிறேன். கன்னடத்தில் 'வாடிகெ' என்றால் வழக்கம். தமிழில் அதோடு, தொடர்ந்து ஒரே இடத்தில் வாங்கும் உறவும் சேர்ந்துகொண்டது. 'வாடிக்கையாளர்' அப்படிப் பிறந்தவர்தான். பழக்கத்தையும் உறவையும் ஒரே சொல் தாங்குகிறது. கோட்பாட்டுக்கு 'உறவுசார் ஒப்பந்தம்' இருக்கட்டும். அந்த 9ஆம் பிரிவை மொழிபெயர்ப்பவர்கள் 'தரப்பினரிடையே நிலைபெற்ற வாடிக்கை' என்று எழுதலாம்.

ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தது வாடிக்கை ஆகாது. எத்தனை தடவை வேண்டும் என்று உடன்படிக்கை கணக்குச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு நடைக்கும் வந்த கடிதத்தையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.