சென்சாரை நடுவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வேளாண்மை சொல்லிக்கொடுப்பது என் வேலை. பள்ளித் தோட்டம் போடப்போகும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன கருவி வாங்கலாம் என்பதைத்தான். சென்சார், தானியங்கிப் பம்பு, ட்ரோன் என்று பட்டியலோடு வருவார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் முதல் இரண்டு வாரம் மண்வெட்டி மட்டும் போதும் என்பேன். காரணம் இருக்கிறது.

ஒரு வகுப்பில் பாத்தியில் நட்டிருந்த ஈரப்பத சென்சார் ‘வறட்சி’ என்று காட்டியது. பம்பைப் போடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சென்சாருக்குப் பக்கத்திலேயே விரல் ஆழத்துக்குத் தோண்டச் சொன்னேன். ஒரு மாணவி மண்ணை அள்ளி உள்ளங்கையில் அழுத்தினாள். உருண்டையாக நின்றது, விரலில் ஈரம் ஒட்டியது. அப்படியானால் சென்சார் பொய் சொல்கிறதா?

இல்லை. நடும்போது யாரோ அதை ஆட்டியிருக்கிறார்கள். தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்து, அதில் காற்று புகுந்துவிட்டது. இந்த வகை சென்சார் நீரை நேரடியாக அளப்பதில்லை. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்க உதவுகிறது என்பதை அளக்கிறது. அந்தத் திறன் காற்றுக்கு 1 என்றால் நீருக்குக் கிட்டத்தட்ட 80. காற்றைத் தொட்டால் அது வறட்சி என்றுதானே காட்டும்! மண்ணை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தோம், எண் ஏறியது. கையில் ஈரம் பட்டிராவிட்டால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. செடிக்குத் தேவையில்லாத தண்ணீர் போயிருக்கும்.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பற்றிய பாடமும் இப்படித்தான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்று பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஒரு பயறுச் செடியைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடுங்கினால் வேரில் இருக்கும் சிறு முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. சிவந்திருந்தால் உள்ளே ரைசோபியம் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. “செடிக்குள் இரத்தமா?” என்று ஒரு பையன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அன்றைக்கு மற்றப் பாடத்தைத் தள்ளிவைத்தேன். அதே நைட்ரஜனை உர ஆலையில் அம்மோனியாவாகப் பிடிக்கும் ஹேபர்-பாஷ் முறைக்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். இதை அந்த முடிச்சைக் கையில் வைத்திருக்கும்போது சொன்னால்தான் அதன் கனம் புரியும்.

செயற்கைக்கோள் படங்களையும் காட்டுகிறேன். நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பயிரின் நிலையைக் கணிக்கிறார்கள். ஆனால் படத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தில் இருப்பது பூச்சியா, தேங்கிய தண்ணீரா, சத்துக்குறைவா என்று அங்கே நடந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை நகத்தில் மண்ணோடு வீட்டுக்கு வந்தால் திட்டாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், அப்புறம் இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.

நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றுதான். ஒரே செடியின் முன்னால் தினமும் மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம், போன் இல்லாமல் உட்கார வேண்டும். பார்த்ததை எழுதிய பிறகுதான் சென்சார் பதிவைத் திறக்கலாம். போன மாதம் ஒரு நோட்டில் இப்படி இருந்தது: “மதியம் இலைகள் தொங்கின. தண்ணீர் ஊற்றப் போனேன். மண் ஈரமாக இருந்ததால் ஊற்றவில்லை. சென்சாரும் ஈரம் என்றது. சாயங்காலம் இலைகள் தானாக நிமிர்ந்துவிட்டன. ஏன்?”

அடுத்த வகுப்பை அந்த ‘ஏன்’ என்பதிலிருந்துதான் தொடங்கினோம்.