துவக்கு வாயில் ஒரு வேகம், மானின் விலாவில் இன்னொரு வேகம்

நவம்பர் கடைசியில், ரைபிள்காரர்களின் பருவம் முடிந்து காடு கொஞ்சம் அடங்கியபின், குழாயின் வாய்வழியாக வெடிமருந்திட்டுச் சுடும் துப்பாக்கிக்காரர்கள் இறங்குவார்கள். வன்னியில் நாங்கள் துப்பாக்கியைத் துவக்கு என்போம்; இந்த வகையை 'இடியன்' என்போம். மருந்தையும் குண்டையும் கம்பியால் இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர் என்று சிறுவயதில் எனக்குச் சொன்னார்கள். மினசோட்டாவில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு அந்த நாட்களில் ஒரு மேலதிக வேலை உண்டு. மான்களை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் இருக்கிறதா என்று பார்க்க, சுடப்பட்ட மான்களின் தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுக்களை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது.

மான்கள் குடல் நீக்கப்பட்டே வரும். விலாக்கூடு திறந்திருப்பதால் குண்டு எங்கே நுழைந்தது, உள்ளே என்ன செய்தது, எங்கே வெளியேறியது என்பதெல்லாம் தெரியும். பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நான் பார்க்காமல் விடுவதில்லை.

ஒரே நாளில் வந்த இரண்டு மான்களால்தான் இதை எழுதுகிறேன். முதலாவது, ஏறக்குறைய 20 கெஜத்தில் தோளில் சுடப்பட்டது. தோள் எலும்பு நொறுங்கி, இறைச்சி முழுக்க இரத்தம் கட்டி, கையுறை விரலில் ஈயப் பொடி நெருடியது. குண்டு மார்புக்குள் ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை. இரண்டாவது ஒரு பெண்மான். 200 கெஜத்துக்குக் கிட்டத்தட்ட இருந்து சுட்டதாம். நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் பென்சில் அளவு துளைதான். சுட்டவர் இருட்டும்வரை தேடிவிட்டு, மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார். பின்தொடையைக் கொயோட்டி நரிகள் தின்றிருந்தன. எத்தனை மணிநேரம் அது உயிரோடு நடந்தது என்று நினைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் மானைக் கொண்டுவந்தவர் நம்முடைய தம்பி ஒருவர், வேட்டைக்குப் புதியவர். "அக்கா, குண்டு டப்பாவில வினாடிக்கு 2,000 அடி எண்டு போட்டிருக்கு. பிறகேன் இப்பிடி?" என்று கேட்டார். டப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் துவக்கு வாயிலிருந்து குண்டு வெளியேறும் வேகம். மானுக்கு அந்த எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. தன் விலாவைத் தொடும் கணத்தில் குண்டுக்கு எஞ்சியிருக்கும் வேகமும், அந்த வேகத்தில் குண்டு எப்படி விரிகிறது என்பதும்தான் மானின் சாவைத் தீர்மானிக்கின்றன.

பழைய உருண்டைக் குண்டை எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியாவில் 1974 முதல் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் இருக்கிறது. அங்கே இன்றும் துணியில் பொதிந்த ஈய உருண்டையோடு கிறிஸ்மஸுக்குப் பின் காட்டுக்குப் போகிறவர்கள் பலர். 50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழாய்த் துப்பாக்கியின் உருண்டை சுமார் 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். 1,850 அடி வேகத்தில் புறப்பட்டால் 100 கெஜத்தில் ஏறத்தாழ 1,050 அடிக்கு இறங்கிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், புறப்பட்டபோது இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே மிஞ்சாது. உருண்டை காற்றைக் கிழிப்பதில்லை, முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. இதை அறிந்த பழைய ஆட்கள் 60, 70 கெஜத்துக்கு மேல் விசையைத் தொடமாட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

1985இல் மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் எம்கே-85 என்ற இன்லைன் துப்பாக்கியை, அதாவது மருந்துக்கு நேர் பின்னாலிருந்து தீ மூட்டும் துப்பாக்கியைக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த 45 காலிபர் குண்டுகள், வில்லையாக வார்த்த மருந்து, தொலைநோக்கி எல்லாம் சேர்ந்துகொண்டன. 250 கிரெயின் கூர்முனைக் குண்டு 1,850 அடியில் கிளம்பினால் 100 கெஜத்தில் 1,450 அடியாவது மிஞ்சும். முன்னேற்றம்தான். ஆனால் கூடவே ஒரு சிக்கலும் வந்தது. உறைக்குள் வைக்கும் குண்டுகளில் பல, கைத்துப்பாக்கிக்காக உருவானவை. 1,000 அடி வேகத்துக்கு அருகில் அழகாக மலரும்படி அவற்றின் மூக்கு மெல்லியதாக இருக்கும். அதை இருமடங்கு வேகத்தில் பக்கத்திலிருந்து தோள் எலும்பில் அடித்தால் உடைந்து சிதறத்தான் செய்யும். முதல் மானுக்கு நடந்தது அதுதான். இரண்டாவது மானைச் சுட்டது முழுச் செப்புக் குண்டு. கெட்டியானது, எலும்பையும் ஊடுருவும், ஆனால் மூக்கு விரிய நல்ல வேகம் வேண்டும். 200 கெஜத்தில் அந்த வேகம் அதனிடம் இல்லை.

குண்டு தயாரிப்பவர்கள் பலர், எந்த வேகத்துக்கும் எந்த வேகத்துக்கும் இடையில் தங்கள் குண்டு விரியும் என்று வெளியிடுகிறார்கள். முகப்பு அட்டையின் பெரிய எண்ணை விட்டுவிட்டு அந்தத் தகவலைத் தேடுங்கள். நீங்கள் சுடப்போகும் தூரத்தில் உங்கள் குண்டுக்கு என்ன வேகம் மிஞ்சும் என்று கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை ஒரு நாள் இரவல் வாங்கினாலும் போதும்.

'அப்படியானால் மருந்தைக் கூட்டிவிட்டால்?' என்ற கேள்வி அடுத்து வரும். 100 கிரெயினுக்குப் பதில் 150 கிரெயின் மருந்து போட்டால் வாயில் வேகம் கூடும், உண்மை. ஆனால் வேகமான குண்டைக் காற்றும் வேகமாகவே மட்டுப்படுத்துகிறது. கிடைத்த கூடுதலில் கணிசமான பகுதி 200 கெஜத்துக்குள் கரைந்துவிடும். தோளில் உதைப்பது மட்டும் குறையாது. உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவரின் கை, குண்டை மானின் வயிற்றில் கொண்டுபோய் வைக்கும். குழாய்க்குள் எரிந்து முடியாத மருந்து வெண்பனிமேல் கரும்புள்ளியாகச் சிதறிக் கிடப்பதையும் சுடுதளத்தில் பார்த்திருக்கிறேன்.

இதில் ஓர் எச்சரிக்கையை உரக்கவே சொல்ல வேண்டும். வேகத்துக்காக நவீனப் புகையற்ற வெடிமருந்தை இந்தத் துப்பாக்கியில் போடாதீர்கள். அதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒருசில மாதிரிகள் தவிர, மற்றவற்றின் குழாய் வெடித்துக் கையும் முகமும் போய்விடும். இருமுறை மருந்திடுவதும் அப்படித்தான். இடிகம்பியில், காலிக் குழாய்க்கு ஒரு கோடும் நிரப்பிய குழாய்க்கு ஒரு கோடும் போட்டுவைத்தால் அந்தத் தவறு நேராது. குண்டு மருந்தின்மேல் முழுதாக அமரவில்லை என்றாலும் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

குண்டின் வேகம் குறைவாக இருக்கும்போது மான் எப்படிச் சாகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். வேகமான ரைபிள் குண்டு தன் பாதையைச் சுற்றியுள்ள தசையையும் அதிர்ச்சியால் கிழிக்கும். இடியன் குண்டு பெரும்பாலும் தான் தொட்டதை மட்டுமே அழிக்கும். ஆகவே அது நுரையீரல் வழியாகப் போயாக வேண்டும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு சுமார் எட்டு அங்குலம், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. 100 கெஜத்துக்குக் குறிசரிசெய்த துப்பாக்கியின் குண்டு 150 கெஜத்தில் ஐந்தாறு அங்குலமும், 200 கெஜத்தில் ஓர் அடிக்கு மேலும் தாழும். அவ்வளவு தொலைவில் தூரத்தை 30 கெஜம் தவறாக மதித்தாலே அந்தத் தட்டு தப்பிவிடும். அதனால்தான் தம்பியிடம் 100 கெஜத்தை எல்லையாக வைக்கச் சொன்னேன்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மினசோட்டா இயற்கைவளத் துறை 2008இல் செம்மறியாட்டு உடல்களில் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. விரைவில் விரியும் ரைபிள் குண்டுகளே மிக அதிகமாகச் சிதறின. மெதுவான இடியன் குண்டுகள் விட்டுச்சென்ற துகள்கள் மிகக் குறைவு. வேகத்தைக் கூட்டி மெல்லிய ஈயக் குண்டைச் சிதறடித்தால் அந்த நன்மையை நாமே கைவிடுகிறோம். குழந்தைகள் சாப்பிடும் இறைச்சி என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். எறிந்ததைப் புதைத்துவிடுங்கள். காட்டில் விட்ட குடலையும் கழிவையும் தின்று ஈய நஞ்சேறிய வெண்தலைக் கழுகுகள் செயின்ட் பாலில் உள்ள ராப்டர் சென்டர் என்ற பறவை மருத்துவமனைக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இதெல்லாம் இங்கே அனுமதிச் சீட்டும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் வைத்து நடப்பது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம்.

இன்னொன்று, புகை. கருமருந்துப் புகை எழுந்தால் மான் துள்ளியதா, குனிந்ததா, எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. சுட்டதும் அசையாமல் நின்று, மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் குறியுங்கள். மறுபடி மருந்திடுங்கள். அரை மணிநேரம் பொறுங்கள். நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தத்தில் நுரை இருக்கும், மான் தூரம் போயிருக்காது. பச்சையாகவோ புளிப்பு வாடையோடோ ஏதாவது கண்டால் வயிற்றில் பட்டிருக்கிறது. அப்போது உடனே துரத்தாமல் பல மணிநேரம் விட்டுப் பின்தொடருங்கள், துரத்தப்பட்ட மான் எழுந்து இன்னும் தூரம் ஓடும். பனி கொட்டத் தொடங்கினால் மட்டும் அவ்வளவு பொறுக்க முடியாது. தடம் மூடுமுன் ஒரு துணையை அழைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்னால் போங்கள்.